ஸ்லீப்பிலிருந்து எழும் கணினி ரீஸ்டார்ட் ஆவதற்கு ஃபார்மட் மருந்தல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்லீப்பில் போட்ட மேசைக் கணினி, எழுப்பும்போது விட்ட இடத்தில் தொடராமல் ரீஸ்டார்ட் ஆகிறதே என்று கேட்டிருந்த வாசகருக்கு, தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் விண்டோஸை ஃபார்மட் செய்து புதிதாக நிறுவச் சொல்லிப் பதில் தரப்பட்டிருந்தது. அதை நம்பி ஒரு நாள் முழுக்கச் செலவழித்துவிட்டு, அன்றிரவே அதே கோளாறை மறுபடியும் பார்க்க நேரும் என்பதால் இதை எழுதுகிறேன். இந்தக் கோளாறு பல கணினிகளில் விண்டோஸின் கைக்குக் கட்டுப்பாடு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அங்கே ஃபார்மட் என்ன செய்யும்?

மேசைக் கணினிகளில் வழக்கமாக இருப்பது எஸ்3 என்ற ஸ்லீப் நிலை. அதில் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். திறந்து வைத்த வேலை முழுவதும் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும். அந்த ரேமை உயிரோடு வைத்திருப்பது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்ற ஒரே ஒரு லைன். எழுப்பும்போது 12, 5, 3.3 வோல்ட் லைன்கள் எழும்பி நிலைப்பட்ட பிறகு, 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் எஸ்எம்பிஎஸ் 'பவர் ஓகே' சிக்னலை மதர்போர்டுக்குத் தர வேண்டும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) ரேமில் உள்ளதை அழிக்காமல், முன்பு பூட் ஆனபோது சேமித்து வைத்த ரேமின் டைமிங் அளவுகளைத் திரும்பப் போட்டுவிட்டு விண்டோஸை அழைக்கும். அதற்குப் பிறகுதான் டிரைவர்கள் (ஒவ்வொரு கருவியையும் இயக்கும் மென்பொருள்கள்) தத்தம் கருவிகளை எழுப்பும். இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது ரீஸ்டார்ட் ஒன்றுதான்.

ஆனால் எழுப்பும் அந்தப் பத்து விநாடியை உற்றுக் கவனித்தால் எங்கே அறுந்தது என்பதை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கீபோர்டைத் தட்டுங்கள். ஃபேன் சுற்ற ஆரம்பித்து, ஒரு விநாடி நின்று, மறுபடி சுற்றி, பிறகு தயாரிப்பாளரின் லோகோ வந்தால், தகராறு ரேமிலோ மின்சாரத்திலோ பயாஸிலோ இருக்கிறது. விண்டோஸ் இன்னும் காட்சிக்கே வரவில்லை. ஃபேன் நிற்காமல் சுற்றி, லாக் ஸ்கிரீன் ஒரு கணம் தெரிந்தோ, திரை கருப்பாகவே அரை நிமிடம் நின்றோ பிறகு ரீஸ்டார்ட் ஆனால் டிரைவரையோ டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம். மூன்றாவது ஒரு வகை உண்டு. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். லோகோ வருகிறது, முதலிலிருந்து பூட் ஆகிறது, ஆனால் திறந்திருந்த கோப்புகள் எல்லாம் அப்படியே திரும்பி வருகின்றன. இது ரீஸ்டார்டே அல்ல. ஹைபிரிட் ஸ்லீப் இயங்கும் கணினியில் ஸ்லீப்புக்குப் போகும்போதே ரேமின் நகல் டிஸ்க்கிலும் எழுதப்படும். தூங்கும்போது ஸ்டாண்ட்பை மின்சாரம் அறுந்து ரேம் அழிந்துவிட்டால், விண்டோஸ் அந்த நகலிலிருந்து எழும். ஆக, எந்தக் கருவியும் இல்லாமல் மின்சாரக் கோளாறை இது காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'ஹைபர்னேட் ஆஃப்டர்' (இத்தனை நிமிடத்துக்குப் பிறகு ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடு) என்ற அமைப்பில் 180 நிமிடம் போல ஏதாவது இருந்தாலும் இதே காட்சிதான் வரும். அதை 0 ஆக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்ப்போம். முதலில் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரிக்கவரி போய் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்பதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். நீலத்திரை வருகிற கோளாறாக இருந்தால் இனி அது ஓடிப்போகாமல் திரையிலேயே நிற்கும். பிறகு ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, கெர்னல்-பவர் 41 என்ற பதிவைத் தேடுங்கள். 'கணினி முறையாக மூடப்படாமல் ரீஸ்டார்ட் ஆனது' என்பதற்கு மேல் 41-க்குப் பொருள் இல்லை. அதையே நோயின் பெயராக நினைத்துத் தேடி அலைவது வீண். அதன் விவரத்துக்குள் 'பக்செக்கோட்' என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது 159 என்றால் ஏதோ ஒரு டிரைவர் மின்நிலை மாற்றத்தை முடிக்காமல் மாட்டிக்கொண்டது. 278 என்றால் கிராபிக்ஸ். 122 என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை. 0 என்றால் விண்டோஸுக்கு எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை: மின்சாரம், ரேம், பயாஸ் பக்கம் திரும்ப வேண்டும். ஓர் எச்சரிக்கை: எழாமல் போனது டிஸ்க்கே என்றால் பிழையை எழுத இடமே இருக்காது, அப்போதும் 0 வரும்.

இனி ரேம். என் கணிப்பில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான், செலவில்லாமல் சோதிக்கவும் முடியும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்புகள்) இயங்கினால் நிறுத்திவிடுங்கள். டிடிஆர்4 ரேமின் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி அதைப் பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு ஏற்றி, வேகத்தையும் கூட்டி ஓட்டுகிறது. சாதாரணமாக பூட் ஆகும்போது பயாஸ் டைமிங்குகளைச் சரிபார்த்து அமைத்துக்கொள்ள முடியும். ஸ்லீப்பிலிருந்து எழும்போது அந்த வாய்ப்பு இல்லை, சேமித்த அளவே வேலை செய்தாக வேண்டும். விளிம்பில் ஓடும் ரேம் இங்கேதான் தடுக்கி விழும். பிராசசருக்கு அண்டர்வோல்ட் செய்திருந்தால் (மின்னழுத்தத்தைக் குறைத்திருந்தால்) அதையும் இயல்புக்குக் கொண்டுவாருங்கள். வெவ்வேறு சமயத்தில் வாங்கிச் சேர்த்த ரேம் குச்சிகள் இருந்தால் ஒன்றை மட்டும் விட்டுச் சோதியுங்கள், பிறகு மற்றொன்றை. 'ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை' என்று சொல்லி ரேமை விடுவித்துவிடக் கூடாது. அந்தச் சோதனை முழு மின்சாரத்தில் ஓடுகிறது. ரேம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு தூங்கி எழுவதை அது தொடுவதே இல்லை.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். இரண்டு நிமிடம் தூங்கினால் ஒழுங்காக எழுகிறது, இரவு முழுக்கத் தூங்கினால் ரீஸ்டார்ட் ஆகிறது என்பது வயதான எஸ்எம்பிஎஸ்ஸின் குணம். ஸ்டாண்ட்பை பகுதி கணினி மூடியிருக்கும்போதும் 24 மணி நேரமும் வேலை செய்கிறது, அதன் கெப்பாசிட்டர்கள் முதலில் களைக்கும். கணினி ஸ்லீப்பில் இருக்கும்போது 24 பின் கனெக்டரின் பின்பக்கம் வழியாக ஊதா நிற ஒயரில் (எல்லா ஒயரும் கருப்பாக இருந்தால் 9-ஆவது பின்) மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே இருக்க வேண்டும். அளவு சரியாக இருப்பது முழுச் சான்றாகாது. எழும் கணத்தில் கண்சிமிட்டும் நேரத்துக்கு விழும் மின்னழுத்தத்தை சாதாரண மீட்டர் காட்டாது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பழையதைத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். ஸ்லீப்பில் இருக்கும்போதும் மின்சாரம் தரும் யுஎஸ்பி துளையில் மொபைல் சார்ஜ் ஏற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்திப் பாருங்கள், அதுவும் இதே ஸ்டாண்ட்பை லைனைத்தான் உறிஞ்சும்.

சிமோஸ் பேட்டரியை, அதாவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியை, முதல் வேலையாக மாற்றச் சொல்பவர்கள் உண்டு. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரத்தையும் பயாஸ் அமைப்பையும் ஸ்டாண்ட்பை லைனே காப்பாற்றும். பிளக்கை எடுத்தால் தேதி மாறிப்போகிறது என்றால் பேட்டரியை மாற்றலாம், ஆனால் இந்தக் கோளாறு அதனால் தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டிரைவர் பக்கம் வேலை குறைவு. கிராபிக்ஸ், சிப்செட், நெட்வொர்க் டிரைவர்களைத் தயாரிப்பாளரிடமிருந்தே எடுத்துப் போடுங்கள். கீபோர்டும் மவுஸும் தவிர மற்ற யுஎஸ்பி கருவிகளைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் மின்சேமிப்பை ஆஃப் செய்யுங்கள், எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர் (அதன் உள் மென்பொருள்), மதர்போர்டின் பயாஸ் இரண்டையும் புதுப்பியுங்கள். ஒரு மாற்றம், அதற்குப் பிறகு பத்து முறை ஸ்லீப், அதில் ஒன்றாவது இரவு முழுக்க. ஒரே சமயத்தில் ஐந்து மாற்றம் செய்தால் எது தீர்த்தது என்பது தெரியாமலே போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு ஃபார்மட் செய்யத் தோன்றினால் அதற்கு முன் ஒரு சோதனை: பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, நிறுவாமல் அப்படியே இயக்கி, அங்கிருந்து ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். அங்கேயும் லோகோவுக்குத் திரும்பினால் விண்டோஸின் மேல் குற்றமில்லை.

பழுது தெரியும்வரை ஸ்லீப்பை விட்டு ஹைபர்னேட்டைப் பயன்படுத்தலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, ஹெச், இடைவெளி, ஆன் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அது இயங்கும். ரேமுக்கு மின்சாரமே தேவையில்லாத நிலை என்பதால் திறந்து வைத்த வேலை தொலையாது. எழ மட்டும் சில விநாடி கூடுதலாகும்.

இப்படிக்கு,
கணினிப் பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்