கரண்ட் மெஷின் எப்போது வரும், ஐயா?

மதிப்பிற்குரிய ஒன்றிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

மும்பை தாராவியிலிருந்து வணக்கம்.

புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று சொல்கிறீர்கள். கண்டுபிடித்துவிட்டோம். இட்லி விற்றுப் பிழைக்கும் என் அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று என்று மே 5 அன்று ரிப்போர்ட் வந்தது. கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, அரசு மருத்துவமனையில் கிடைத்த தேதி ஜூலை 21. இந்த நோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கிவிட்டால், கர்ப்பப்பைக்குள் கருவி வைத்துக் கொடுப்பதும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. இங்கே தொடங்கவே 11 வாரம்.

உதிரப்போக்கு நிற்கவில்லை. விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றுகிறவர், ஓர் ஈடு இறக்குவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுகிறார். லோக்கலில் சீட் காலியாக இருந்தாலும் கறை பட்டுவிடுமோ என்று நின்றுகொண்டே வருகிறார். திங்கள்தோறும் போய், யாராவது வராமல் போனால் அந்த இடம் எங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்போம். போன வாரம் திரும்பும்போது அத்தை சொன்னார்: "இனிமே அப்படிக் கேக்காதடா." எந்த நோயாளி எதனால் வராமல் போவார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2025 பட்ஜெட்டில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளுக்கும் 3 ஆண்டுகளில் புற்றுநோய்ப் பகல்நேர மையம், முதல் ஆண்டிலேயே 200 என்றீர்கள். நல்லதுதான், கீமோ ஏற்ற ஊர்விட்டு ஊர் அலைய வேண்டாம். ஆனால் அங்கே கரண்ட் வைக்க முடியாதே! அதற்குத் தடித்த கான்கிரீட் அறை வேண்டும், மெஷின் வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும். பத்து லட்சம் பேருக்கு ஒரு மெஷின் என்று வைத்தாலும் 140 கோடிக்கு 1,400 ஆகிறது. இருப்பது எத்தனை என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கரண்ட் வைக்கும் பாபாட்ரான் என்ற கோபால்ட் மெஷினை உருவாக்கியது இதே மும்பையில், டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையம்தான். வியட்நாமுக்கு நன்கொடையாகக்கூட ஒன்றை அனுப்பினோம். பெருமைதான், குறை சொல்லவில்லை. டிராம்பேயிலிருந்து தாராவி அவ்வளவு தூரமில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். மெஷின் தாருங்கள், ஆள் தாருங்கள். புதியது வரும்வரை, இருக்கிற மெஷின்கள் இரவு ஷிப்டிலும் ஓட ஆட்களை நியமியுங்கள். அத்தையின் தேதிக்கு இன்னும் 31 நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
தாராவித் தமிழன் ஒருவன்
ஜூன் 20