சனிக்கிழமை மழைக்கு முன் ஊரணி வரத்துக்காலைத் திறந்துவிடக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். ஊரணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் இதே வரத்துக்கால் குறித்து ஜமாபந்தியிலும் குறைதீர் கூட்டத்திலும் நாங்கள் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. ரசீதுகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. ஊரணியும், வரத்துக்கால் தார்ச்சாலைக்கு அடியில் கடந்து போகும் சிறுபாலமும் தாங்கள் அறிந்த இடங்கள்தான். தேர்தல் நேரத்தில் தங்கள் ஜீப் அந்தப் பாலத்தின் மேல்தான் நின்றது.

வரும் சனி, ஞாயிறு தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மிதமான மழை பெய்யலாம் என்கிறது வானிலை அறிக்கை. அந்த ஓரிரு இடங்களில் எங்கள் ஊரும் உண்டா என்பது கடவுளுக்கே வெளிச்சம். பெய்தால் தண்ணீர் ஊரணிக்கு வர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

1. சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய மண்ணைப் பாலத்தின் மேற்கு வாயில் கொட்டிவிட்டுப் போனார்கள். அதன் மேல் சீமைக்கருவேலம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. மேட்டுக்காட்டு வெள்ளம் அங்கே முட்டி, சாலையோரமாகத் திரும்பி, உப்போடையில் விழுந்து கடலுக்குப் போகிறது. போன கோடை மழையிலும் இதுதான் நடந்தது.

2. கோடை மழை கொஞ்ச நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். தரை இறுகிக் கிடப்பதால் பெய்ததில் பெரும்பகுதி ஓடிவிடும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் பெய்தாலே ஏறக்குறைய 40,000 லிட்டர். இதை விட்டால் அடுத்து ஐப்பசி அடைமழைதான்.

3. குடிதண்ணீர். இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு; போர் போட்டாலும் வாயில் வைக்க முடியாது. குழாய்க்குக் கடைசியில் இருப்பதால் எங்களுக்கு வருவது பெரும்பாலும் காற்று. வறண்ட ஊரணிக்குள் பெண்கள் ஆள் ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரி, சேலைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒரு சிரட்டை கோரிவிட்டால் அடுத்தது ஊறும் வரை குழிக்குள்ளேயே குந்தியிருக்க வேண்டும். மண் சரிந்தால் இழுத்துவிட மேலே ஒருவர் காவல். இரவில் கூட்டம் குறைவு என்று டார்ச் லைட்டோடு போகிறார்கள்; தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி வீடு சேரும்போது விடிந்துவிடுகிறது. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போனால் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள் அய்யா. சனிக்கிழமை இடி இடிக்கும்போதும் அந்தத் திறந்தவெளியில்தான் அவர்கள் நிற்பார்கள். வேறு எங்கே போவார்கள்?

4. நாங்களே மண்வெட்டியோடு போனால், அரசு இடம், கை வைத்தால் வழக்கு என்கிறார்கள். சரி, நீங்களாவது செய்யுங்கள் என்றால் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். எங்கள் பாலத்தடிக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. நீர்நிலைகளில் வண்டல் மண் எடுக்க அனுமதிக்கும் அதிகாரம் 2024 முதல் வட்டாட்சியரிடமே இருக்கிறது. அப்புறம் நாங்கள் யாரைத்தான் கேட்பது? கோப்பு நகரும் வரை மேலேயே இரு என்று மேகத்திடமா சொல்வது?

5. ஒரு ஜேசிபி, அரை நாள். அவ்வளவுதான் அய்யா.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பாலத்தின் வாயைத் திறந்துவிட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆள் அனுப்ப முடியாவிட்டால், நாங்களே மண்ணை அள்ளிக்கொள்ள எழுத்துப்பூர்வமாக ஒரு அனுமதி கொடுங்கள். வாடகையையும் டீசலையும் ஊர்ப் பொதுவில் பார்த்துக்கொள்கிறோம். "மனு பரிசீலனையில் உள்ளது" என்று திங்கட்கிழமை கடிதம் வருவதால் எங்களுக்கு ஒரு குடம் தண்ணீரும் கிடைக்காது. வெள்ளிக்கிழமைக்குள் திறந்துவிடுங்கள் அய்யா. மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள், பாலத்தின் புகைப்படம்