தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மணலி, எண்ணூர் வட்டார நிதிக் குழுவினருக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் சிறிய அலுவலகம் வைத்து, திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் ஊரக வளர்ச்சிப் பணி செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்றின் களப்பணியாளன் நான். பேரிடர் காலத்தில் நிதியைத் தேவைக்கேற்ப மாற்றிச் செலவிட இடம் தரும் ஒரு பிரிவை அடுத்த ஆண்டு நிதி ஒப்பந்தங்களில் சேர்க்கும்படி கேட்கவே எழுதுகிறேன்.

2020 மே மாதத்தில் சென்னை மண்டலங்களிலேயே இராயபுரத்தில்தான் கொரோனாத் தொற்று மிகுதியாகப் பதிவானது. நாங்கள் இருப்பது அதை ஒட்டிய பகுதி. இ-பாஸ் வாங்கி மீஞ்சூரைத் தாண்டிப் போனபோது, ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். போகும்போதெல்லாம் எங்களுக்கு மோர் கொடுக்கும் அம்மா முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று, "ராயபுரம் பக்கமிருந்து வர்றீங்க தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, திரும்பிப் போயிடுங்க" என்று கைகூப்பினார். அவர் சொன்னதே சரி.

அன்றோடு பணியை அவ்வூர் மகளிர் சுய உதவிக் குழுவிடமே ஒப்படைத்தோம். செங்கல் சூளை வேலை நின்றுபோய், குடும்ப அட்டை இல்லாததால் அரசு தந்த 1,000 ரூபாயும் ரேஷன் அரிசியும் கிடைக்காமல் தவித்த இருளர் குடும்பங்களைக் கணக்கெடுத்தவர்கள் அப்பெண்களே. அவர்களில் ஒருவர் இரவு எட்டு மணிக்குப் பட்டன் போனில் அழைத்து, வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, அடுப்பெரிந்து எத்தனை நாளாயிற்று என்று ஒவ்வொரு குடும்பமாகச் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். பத்தாண்டுகள் நடந்து திரிந்தும் நாங்கள் அறியாத குடும்பங்கள் அதில் இருந்தன.

ஆனால், வங்கியில் பணம் இருந்தும் அரிசி வாங்க முடியவில்லை. அது 'பயிற்சி' என்ற செலவுத் தலைப்பில் வந்த பணம். தலைப்பை மாற்ற அனுமதி கேட்டு நிதியளித்த நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்கு ஏழு வாரம் கழித்தே பதில் வந்தது. கொரோனா நிவாரணச் செலவும் சி.எஸ்.ஆர். செலவாகவே ஏற்கப்படும் என்று மத்திய நிறுவன விவகாரங்கள் அமைச்சகம் 2020 மார்ச் 23 அன்றே சுற்றறிக்கை விட்டிருந்தது. சட்டம் திறந்துவிட்ட வழியை ஒப்பந்தம் அடைத்துக்கொண்டு நின்றது. அலைந்து கணக்கெடுத்த பெண்களுக்கும் 'ஊழியர்' பட்டியலில் பெயர் இல்லையென்று ஒரு ரூபாய்கூட மதிப்பூதியம் தர இயலவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே, அரசு பேரிடர் என்று அறிவித்த நாள்முதல், ஆண்டு நிதியில் கால்பங்கு வரை முன்அனுமதியின்றித் தலைப்பு மாற்றிச் செலவிட்டு, பதினைந்து நாட்களுக்குள் ரசீதுகளுடன் கணக்குக் கொடுக்கவும், ஊர்ப் பெண்களுக்கு அதிலிருந்தே மதிப்பூதியம் வழங்கவும் ஒப்பந்தத்தில் இடம் தாருங்கள். வரைவு எழுதும் கூட்டத்துக்கு அந்த மகளிர் குழுவிலிருந்து இருவரையும் கூப்பிடுங்கள். மீஞ்சூரிலிருந்து காலை ரயிலிலேயே வந்துவிடுவார்கள். அழைத்துவருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு களப்பணியாளன்
தண்டையார்பேட்டை