விரைவாகப் படிக்க விரும்பும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, வகுப்புக்காக வாரந்தோறும் படிக்க வேண்டிய கட்டுரைகள் இருநூறு பக்கங்களைத் தாண்டிவிடுகின்றன என்றும், பாதியைக்கூட முடிக்க இயலவில்லை என்றும், முடித்தவையும் மறுநாள் நினைவில் நிற்பதில்லை என்றும் சொன்னாய். நிமிடத்துக்கு 1000 சொற்கள் படிக்கக் கற்றுத் தருவதாகச் சொல்லும் பயிற்சி ஒன்றில் சேரலாமா என்றும் கேட்டாய். நான் அப்போது பிடிகொடுத்துப் பேசவில்லை. மெய்ப்புத் திருத்துவதையே இருபத்தாறு ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவள் இந்தக் கேள்விக்குப் போகிற போக்கில் பதில் சொல்லக் கூடாது என்று பட்டதால், யோசித்து எழுதுகிறேன்.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரியின் மீது கண் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடி நின்று, ஏழெட்டு எழுத்துத் தொலைவு தாவி, அடுத்த இடத்தில் மறுபடி நிற்கிறது. தாவும் நேரத்தில் அது எதையும் வாங்கிக்கொள்வதில்லை. நிற்கும் நேரத்தில்தான் படிப்பு நடக்கிறது. நிற்கும் இடத்திலும் பார்வையின் நடுப்பகுதியில் விழும் சில எழுத்துகளே துலக்கமாகத் தெரிகின்றன. சற்றுத் தள்ளி இருப்பவை, அங்கே ஏதோ ஒரு சொல் இருக்கிறது, அது நீளமானது அல்லது குட்டையானது என்ற அளவுக்கே தெரிகின்றன. நொடிக்கு நான்கு நிறுத்தம் என்றால் நிமிடத்துக்கு 240 நிறுத்தம் ஆகிறது. பெல்ஜியம் நாட்டு உளவியலாளர் மார்க் பிரைஸ்பேர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்தவர்கள் ஆங்கிலக் கட்டுரைகளை மனத்துக்குள் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள், கதையானால் 260. 240 நிறுத்தம், 238 சொல் என்ற இரண்டு எண்களும் இவ்வளவு அருகருகே வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நிமிடத்துக்கு 1000 சொற்கள் வேண்டுமானால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு சொற்களை விழுங்க வேண்டும். அதற்குரிய கண் நமக்கு வாய்க்கவில்லை.

இத்தகைய பயிற்சி ஒன்றும் புதிதன்று. அமெரிக்காவில் எவலின் வுட் என்ற ஆசிரியை 1959இலேயே இதைப் பெரிய அளவில் தொடங்கிவிட்டார். கையைப் பக்கத்தின் மீது ஓட்டி, கண்ணை அதன் பின்னால் இழுத்துச் செல்லும் முறை அவருடையது. அப்படிப் பயின்றவர்களைப் பின்னர் ஆய்வாளர்கள் சோதித்தபோது, அவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் பக்கத்தை மேலோட்டமாகப் புரட்டியவர்களைப் போலவே புரிந்துகொண்டிருந்தார்கள். பொதுவான சாரத்தைச் சொல்ல முடிந்ததே தவிர நுணுக்கங்களைக் கேட்டால் விடை வரவில்லை. கண்ணசைவு ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட கீத் ரெய்னரும் உடன் ஆய்ந்த நால்வரும் எழுதி 2016இல் வெளிவந்த நீண்ட கட்டுரை, அதுவரையிலான சான்றுகள் அனைத்தையும் எடைபோட்டு, வேகத்தைப் பெருமளவு கூட்டினால் புரிதல் குறைந்தே தீரும் என்ற முடிவுக்கு வந்தது. ஆகவே அந்தப் பயிற்சியில் நீ சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

இதை நான் பட்டும் தெரிந்துகொண்டேன். நீ பிறப்பதற்கு முன்பு, மருந்துகளைப் பற்றிய சிறு நூல் ஒன்றின் இறுதி மெய்ப்பு, மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும் என்ற நெருக்கடியில் என்னிடம் வந்தது. ‘இதனை வெறும் வயிற்றில் உட்கொள்ளக் கூடாது’ என்று இருக்க வேண்டிய வாக்கியம் ‘உட்கொள்ளக் கூடும்’ என்று கோக்கப்பட்டிருந்தது. என் கண் ‘வெறும் வயிற்றில்’ என்பதைக் கண்டது, ‘உட்கொள்ள’ என்பதைக் கண்டது. எஞ்சியதை மனம் தானாக நிரப்பிக்கொண்டது. அச்சேறிய பிறகுதான் பிழை தெரிந்தது; ஒவ்வொரு படியிலும் திருத்தச் சீட்டை என் கையாலேயே ஒட்டினேன். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும் என்பதை அன்றுபோல் நான் உணர்ந்ததில்லை. ‘என்று கருதுவதற்கு இடமுண்டு’, ‘என்று கருதுவதற்கு இடமில்லை’ ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, நான்கு வரி ஓடிய வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் காத்திருக்கிறது. பாய்ந்து படிப்பவன் முதலில் நழுவவிடுவது அந்தக் கடைசிச் சொல்லைத்தான். ஆங்கிலத்திலும் ஒரு சிறு ‘நாட்’ அதே வேலையைச் செய்துவிடும் என்பதை நீ என்னைவிட நன்றாக அறிவாய்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது எனக்கு வருத்தம் தருவது. ஏழு வயதில் நீ விரலை வரியின் கீழ் வைத்து, உதடு அசையப் படிப்பாய். புரியாத இடத்தில் விரல் பின்னால் போய் மறுபடி வரும். ‘விரலை எடு, முணுமுணுக்காதே, திரும்பிப் போகாதே’ என்று நான் கடிந்துகொண்டேன். அந்தப் பழக்கங்கள்தாம் வேகத்தைக் குறைக்கின்றன என்று அப்போது எல்லோரும் சொன்னதை நானும் நம்பினேன். அது தவறு. நன்கு தேர்ந்த படிப்பாளியின் கண்ணும் நூறு தாவல்களில் பத்துப் பதினைந்தைப் பின்னோக்கித்தான் தாவுகிறது. கண் கடந்துபோன சொற்களை உடனுக்குடன் மறைத்து, திரும்பிப் போனாலும் பயனில்லாதபடி செய்து 2014இல் ஒரு சோதனை நடத்தினார்கள். படித்தவர்களின் புரிதல் குறைந்தது. திரையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்லைக் காட்டி ஓடவிடும் வேக வாசிப்புச் செயலிகள் உன்னை ஏன் ஏமாற்றுகின்றன என்பதற்கும் இதுவே காரணம்: அவை கண்ணின் உழைப்பை மிச்சப்படுத்துவதுபோல் காட்டி, திரும்பிப் பார்க்கும் உரிமையைப் பறித்துக்கொள்கின்றன. மனத்துக்குள் ஒலிக்கும் குரலும் அப்படித்தான். எளிய செய்தியில் அதை அடக்கினால் பெரிய இழப்பில்லை. கருத்துகளைப் பிணைத்துச் செல்லும் நெடிய வாக்கியத்தில் அந்தக் குரல்தான் வாக்கியத்தின் முற்பகுதியைப் பிற்பகுதி வரும்வரை பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே திரும்பிப் போகத் தோன்றினால் போ. குரல் ஒலித்தால் ஒலிக்கட்டும். கவனம் சிதறியதால் திரும்புகிறாயா, கருத்து சிக்கியதால் திரும்புகிறாயா என்பதை மட்டும் கவனி. முதலாவதானால் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வா.

அப்படியானால் சிலர் உண்மையிலேயே வேகமாகப் படிக்கிறார்களே என்று நீ கேட்பாய். படிக்கிறார்கள், ஆனால் அந்த வேகம் கண்ணிலிருந்து வருவதில்லை. மூன்று மாதத்துக்கு முன் நீ எனக்கு ‘இன்சிடென்ஸ்’, ‘ப்ரிவலென்ஸ்’ என்ற இரண்டு சொற்களை விளக்கினாய். ஒரு காலகட்டத்தில் புதிதாக நோய் கண்டவர்களைக் கணக்கிடுவது முன்னது, குறித்த நேரத்தில் அந்த நோயுடன் இருப்பவர்கள் அனைவரையும் கணக்கிடுவது பின்னது என்றும், முதல் மாதத்தில் அந்த இரண்டு சொற்கள் வரும் பத்தி ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனதாகவும் சொன்னாய். இப்போது நிற்கிறாயா? உன் கண் மாறவில்லை. சொற்கள் உனக்குச் சொந்தமாகிவிட்டன, அவ்வளவுதான். தெரிந்த சொல்லில் கண் குறைந்த நேரமே நிற்கிறது. அடுத்து வரக்கூடியது என்ன என்று மனத்துக்குத் தெரிந்திருந்தால் சிறு சொற்கள் பலவற்றில் நிற்காமலே போய்விடுகிறது. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர், பள்ளி மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையைப் படிக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்த மாணவர்கள், வாசிப்பில் முதன்மையாக இருந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சோதனையை அறிந்த நாளிலிருந்து, ‘இவனுக்குப் படிக்க வராது’ என்று எந்தப் பிள்ளையைப் பற்றி யார் சொன்னாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

இதிலிருந்து உனக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. புதிய தலைப்பு தொடங்கும் வாரத்தில், கொடுக்கப்பட்ட கட்டுரைகளுக்குள் நேரே குதிக்காதே. அந்தத் தலைப்பைப் பற்றிய எளிய பாடநூல் இயல் ஒன்றை ஒரு மணி நேரம் நிதானமாகப் படி. திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து சொற்களின் பொருளை உன் சொந்தச் சொற்களில் எழுதி வை. அந்த ஒரு மணி நேரம் வீணாகிறது என்று தோன்றும். பின்னால் வரும் ஒவ்வொரு கட்டுரையிலும் அதை வட்டியோடு திரும்பப் பெறுவாய். ஒரே தலைப்பைச் சேர்ந்த கட்டுரைகளை அடுத்தடுத்துப் படி. மூன்றாவது கட்டுரை முதல் கட்டுரை எடுத்த நேரத்தில் பாதிகூட எடுக்காது.

இருநூறு பக்கங்களையும் ஒரே அழுத்தத்துடன் படிக்க வேண்டும் என்று உன்னிடம் யாரும் கேட்கவில்லை. மேலோட்டமாகப் பார்ப்பது இழிவான செயலன்று. ‘நான் இப்போது பார்த்தேன், படிக்கவில்லை’ என்ற தெளிவு மனத்தில் இருக்கும்வரை அது மிக நல்ல கருவி. கட்டுரையை எடுத்ததும் சுருக்கத்தைப் படி, முடிவுரையைப் படி, அட்டவணைகளின் தலைப்புகளைப் பார். பத்து நிமிடத்தில், இதிலிருந்து எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு கேள்வியை ஓரத்தில் எழுது. எழுத முடியவில்லையானால் அந்தக் கட்டுரையைத் தள்ளி வைக்கலாம். எழுத முடிந்தால், அந்தக் கேள்விக்கு விடை இருக்கும் பகுதியை மட்டும், அவசரமே இல்லாதவளைப்போல் படி. வாரத்துக்கு இருநூறு பக்கத்தில் இப்படி நிதானமாகப் படிக்க வேண்டியது நாற்பது பக்கமாக இருக்கலாம், எழுபதாக இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் உன் நேரம் மிச்சமாகும்.

மறுநாள் நினைவில் நிற்பதில்லை என்றாயே, அதற்குக் காரணம் வேகமோ மந்தமோ அன்று. நீ மஞ்சள் மையால் கோடிட்டு, மறுபடி அதே வரிகளைப் படிக்கிறாய். மறுபடி படிக்கும்போது எல்லாம் பழக்கப்பட்டதாகத் தெரியும். அந்தப் பழக்கத்தை அறிவு என்று மனம் எடுத்துக்கொள்ளும். ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களையும், ஒரு முறை படித்துவிட்டுத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்கள் பாதிக்கு மேல், ஏறத்தாழ 56 விழுக்காடு சொன்னார்கள், மற்றவர்களால் 42 விழுக்காடுதான் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கட்டுரையை மூடிவிட்டு, அது என்ன சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று இரண்டு மூன்று வாக்கியம் எழுது. முதல் சில நாட்கள் பேனா நகராது. அந்தத் தடுமாற்றம்தான் வேலை செய்கிறது, மனம் தளராதே.

மாலையில் தலை வலிக்கிறது என்று போகிற போக்கில் சொன்னாயே, கண்ணைப் பரிசோதித்து எவ்வளவு நாளாயிற்று? அதைத் தள்ளிப் போடாதே. உறக்கத்தைக் குறைத்துப் பக்கங்களைக் கூட்டுவதையும் விட்டுவிடு.

உன் வேகத்தை அளந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அளந்து பார், தடுக்கவில்லை. ஆனால் கடிகாரத்தை மட்டும் வைத்து அளக்காதே. ஒரு பக்கத்தைப் படித்து நேரத்தைக் குறித்த பிறகு, அந்தப் பக்கத்தின் வாதத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டு ஒப்பிடு. எழுத முடிந்த பக்கத்தின் நேரத்தை மட்டும் கணக்கில் சேர்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது, இந்த வாரம் நிதானமாகப் படித்த கட்டுரை ஒன்றைத் தாளைப் பார்க்காமல் எனக்குச் சொல். உன் துறை எனக்குத் தெரியாது என்பதால் நான் இடையிடையே ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எந்தக் கேள்விக்கு உன்னால் விடை சொல்ல முடியவில்லையோ, பேசி முடித்ததும் அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போய்ப் படி. இம்முறை விரலை வைத்துப் படித்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அம்மா