சாயத்தொட்டியும் சர்க்கரையும்: மருத்துவச் சொற்களைப் படமாக்க உங்கள் உதவி வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

போன மாசியில் சேலம் அம்மாப்பேட்டைத் தறிக்கூடம் ஒன்றில் உட்கார்ந்து சர்க்கரை நோய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று மாத சராசரி பார்க்கும் டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் சோற்றையே தொடமாட்டேன் என்றார் ஒரு பெரியவர். அப்படி இருந்தும் எண் குறையவில்லையே என்று அவருக்கு லேப் மேல் கோபம். எங்கள் குழுவிலுள்ள ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா, ரத்தத்திலுள்ள சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும், அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்த டெஸ்ட் காட்டுகிறது என்று விளக்கினார். பெரியவர் முகம் தெளியவில்லை. பக்கத்துத் தறியில் இருந்த அம்மா சட்டென்று சொன்னார்: "சாயத்தொட்டியில கெடந்த நூலுங்கண்ணா. ரெண்டு நாள் தண்ணியில அலசிட்டா சாயம் போயிருமா?"

பெரியவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பேச்சையே 2 நிமிடப் படமாக எடுத்தோம். சாயத்தொட்டியில் நனைத்த நூல் சிவந்துகொண்டே வந்து, சிவப்பணுக்களாக மாறும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் நான்கு இரவு விழித்துச் செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனால் இன்னும் 20 படங்களுக்கு அவரை இப்படி விழிக்கச் சொல்வது நியாயமில்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

எந்தச் சொற்கள் என்று கேட்பீர்கள். முதலில் 'நெகட்டிவ்'. சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, மகளுக்குப் புற்றுநோய்தான் என்று நினைத்து ஒரு தாய் பஸ் ஸ்டாண்டிலேயே அழுததை எங்களில் ஒருவர் நேரில் பார்த்தார். தேடியது இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். அடுத்தது காசநோய். மருந்தைத் தொடங்கிய சில வாரத்தில் இருமல் நின்றுவிடும், சரி, குணமாகிவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி உள்ளேயே பதுங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்தால் ஆறு மாதம் ஏன் மருந்து சாப்பிட வேண்டும் என்பது விளங்கும். இன்ஹேலர் பிடிப்பதை வாயால் சொல்லியோ எழுதியோ புரியவைக்க முடியாது. குலுக்கி, மூச்சை முழுக்க விட்டு, உதட்டை இறுக மூடி, அழுத்தும்போதே மெதுவாக உள்ளிழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். இதைக் கை செய்வதைப் பார்த்துத்தான் கை கற்றுக்கொள்ளும்.

இந்த ஊருக்கு இது புது வேலை இல்லை. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, அறிவியல் சொற்களுக்குத் தமிழ் தேட 1916-ல் ஒரு சங்கமே தொடங்கினார். அப்புறம் ஏற்காடு அடிவாரம் போகும் சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எத்தனை படங்களை எடுத்துத் தள்ளியது! இன்றும் அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தான் மலைக்குப் போகிறோம். சொல்லும் படமும் இரண்டுமே நம்மிடம் இருந்திருக்கின்றன.

மலை மேல் வேலை வேறு மாதிரி. சேர்வராயன் மலைக் கிராமங்கள் பலவற்றில் சிக்னல் கிடைக்காது, வாட்ஸப்பில் அனுப்பிப் பயனில்லை. பென் டிரைவில் ஏற்றி, சின்ன புரொஜெக்டரோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாயங்காலம் காபித் தோட்ட வேலை முடிந்தபின் திரையிட வேண்டும். அங்குள்ள மலையாளி என்னும் பழங்குடி மக்களின் பேச்சு வழக்கிலேயே, அவர்களில் ஒருவர் குரலில் பதிவு செய்யப்போகிறோம். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்பதை வெளியூர்க் குரல் சொன்னால் பாதிதான் காதில் ஏறும்.

ஒரு படத்துக்குச் சுமார் 15,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். பெரும்பகுதி வரைகலைக்கும் ஒலிப்பதிவுக்கும். 20 படத்துக்கு 3 லட்சம், புரொஜெக்டருக்கும் வண்டிச் செலவுக்கும் 60,000. ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியிடுவோம். நோயாளிகள் முகத்தைக் காட்டமாட்டோம். மருந்துக் கம்பெனிப் பணம் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம், அதில் மாற்றமில்லை.

100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரிவிலக்குச் சான்று எங்களிடம் இல்லை, இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பணம் முடியாதவர்கள் குரல் கொடுக்கலாம், படம் வரையலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது புரியாமல் போன ஒரு மருத்துவச் சொல்லை எழுதி அனுப்பினாலும் போதும், பட்டியலில் சேர்த்துக்கொள்வோம். சித்திரை பிறப்பதற்குள் முதல் ஐந்து படங்களைத் தொடங்க நினைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவச் சொல் படக் குழுவினர்,
சேலம்