பாட்டில் தீர்ந்தால் சிகிச்சை முடிந்துவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டை வலி, காய்ச்சல் என்று குழந்தைக்காக மருந்துக் கடைக்குப் போனால் பெரும்பாலும் கைக்கு வருவது 30 மில்லி அமாக்ஸிசிலின் டிரை சிரப் (தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக் பொடி) ஒன்று. 'ஒரு மூடி, மூணு வேளை' என்று சொல்லி அனுப்புவார்கள். இரண்டு நாளில் பாட்டில் காலி. காய்ச்சலும் இறங்கியிருக்கும். அதோடு மருந்து முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டைப் புண்ணுக்கு இது அளவிலும் தவறு, நாளிலும் தவறு.

கணக்கைப் பாருங்கள். அமாக்ஸிசிலின் நாளொன்றுக்கு, எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் (அதிகபட்சம் 1000), 10 நாள். 20 கிலோ குழந்தைக்குக் காலை 500, இரவு 500. கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம்தான் என்றால், வேளைக்கு 20 மில்லி. 30 மில்லி பாட்டில் ஒரு நாளைக்கே போதாது. மூணு வேளை ஒரு மூடி (5 மில்லி) கொடுத்தால் நாளுக்கு 375 மில்லிகிராம். வேண்டியதில் பாதிகூட இல்லை. 5 மில்லிக்கு 250 இருக்கும் சிரப்பானாலும் 10 நாளைக்கு 200 மில்லி, அதாவது ஏழு பாட்டில். இதற்குத் தண்ணீரில் கரையும் 250 மில்லிகிராம் மாத்திரை எவ்வளவோ மேல்: வேளைக்கு இரண்டு, மொத்தம் 40.

சிரப்தான் வேண்டும் என்றால், கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரை முதலில் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு குறி வரை நிரப்ப வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் பொடி அடியில் கட்டிக்கொள்ளும். முதல் வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் கெட்டியாகவும் போகும். கலக்கிய மருந்து பொதுவாக ஏழு நாள்தான் தாங்கும் (லேபிளில் இருக்கும்). அதனால் எல்லா பாட்டிலையும் முதல் நாளே கலக்கக் கூடாது. சமையலறை ஸ்பூனால் அளக்கவும் கூடாது.

காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் பத்து நாள்? மருந்தே கொடுக்காவிட்டாலும் இந்தத் தொண்டை வலி சில நாளில் தானே அடங்கிவிடும். மருந்து கொடுப்பது முக்கியமாக, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகளைத் தாக்கி, இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கத்தான். அதற்குக் கிருமி தொண்டையிலிருந்து முழுதாகப் போக வேண்டும். ஆனால் அவசரமும் வேண்டாம்: நோய் தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். தொண்டையில் பஞ்சால் தடவி எடுத்து (ஸ்வாப்), கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர ஒன்றிரண்டு நாள் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

காத்திருப்பதற்குக் காரணமும் உண்டு. குழந்தைகளின் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல், கண் சிவப்பு இருந்தால் அநேகமாக வைரஸ்தான். அமாக்ஸிசிலின் வேண்டவே வேண்டாம். மூன்று வயதுக்குள் ஸ்ட்ரெப் அபூர்வம். திடீர்க் காய்ச்சல், விழுங்கும்போது வலி, டான்சிலில் வெள்ளைப் படலம், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறி, அதோடு இருமல் இல்லாமை, இவைதான் சந்தேகத்துக்கு இடம் தருபவை. ஸ்ட்ரெப்புக்கு எதிராக உடலில் உண்டான எதிர்ப்புப் பொருளை அளக்கும் ஏஎஸ்ஓ ரத்தப் பரிசோதனை இங்கே உதவாது. அது பழைய தொற்றைக் காட்டும். அந்த எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் குழந்தைக்கு மாதக்கணக்கில் பெனிசிலின் போடுவது வீண் தண்டனை.

இன்னொன்று, 'பவர் கூட' என்று அமாக்ஸிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்த மருந்தைக் கேட்டு வாங்குவது. கிளாவுலனேட்டின் வேலை, பெனிசிலின் வகை மருந்தை (அமாக்ஸிசிலினும் அந்த வகைதான்) உடைக்கும் நொதியைத் தடுப்பது. அந்த நொதியே இந்தக் கிருமியிடம் இல்லை. பெனிசிலினுக்கு எதிர்ப்பும் அது இன்றுவரை பெறவில்லை. கூடுதலாகக் கிடைப்பது வயிற்றுப்போக்குதான். அசித்ரோமைசின் என்ற வேறு வகை ஆன்டிபயாடிக்குக்கோ எதிர்ப்பு உண்டு. பெனிசிலின் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மட்டும், அதுவும் ஐந்து நாள். பத்து நாள் வாய்வழி மருந்து நடக்காது என்ற வீடுகளுக்கு பென்சதீன் பெனிசிலின் ஊசி ஒன்றே போதும்: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம். கடும் ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் தயாராக இருக்கும் மருத்துவமனையில்தான் போட வேண்டும்.

மருந்து தொடங்கி ஒரு நாள் முழுதும் கழிந்து, காய்ச்சலும் விட்டால் பள்ளிக்கு அனுப்பலாம். எச்சிலையே விழுங்க முடியாமல் வாய் வழிந்தாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: சீட்டில் மருந்தின் பெயரோடு குழந்தையின் எடை, நாள், மொத்த மில்லி அல்லது மாத்திரை எண்ணிக்கை ஆகியவற்றையும் எழுதுங்கள். 'சிரப் – 1' என்று மட்டும் எழுதியிருந்தால் கடைக்காரர் ஒன்றுதான் கொடுப்பார்.

– மருந்தாளுநர், கும்பகோணம்