பேய்க்கும் பூசணிக்கும் நடுவுல விட்டுப்போன துறவிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க இணைப்புல வந்த ஹாலோவீன் கட்டுரைய எங்கம்மா தூத்துக்குடில இருந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டுருந்தாங்க, "ஏட்டி, நம்ம கல்லறைத் திருநாளே பேய்க்கு எடுத்த விழாவாம்ல, நீ அந்த ஊர்லதான இருக்க, நெசமாட்டி?"ன்னு. நான் அயர்லாந்துல கில்டேர்ங்கிற ஊர்ல நர்ஸா இருக்கேன், எட்டு வருஷமாச்சு. ஹிஸ்டரி படிச்சவ இல்ல, ஆனா வார்டுல இருக்குற பாட்டிமாருங்க பேசுறத கேட்டு கேட்டு லைப்ரரில புத்தகம் எடுத்து படிக்கிற பழக்கம் வந்துருச்சு, அந்த தைரியத்துல எழுதுறேன்.

முதல்ல சரியா எழுதுனத சொல்லிடுறேன். ஹாலோவீன் அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சது இல்லங்கிறது கரெக்ட். இங்க டர்னிப் கிழங்க குடைஞ்சுதான் விளக்கு வச்சாங்க, 1845ல ஆரம்பிச்ச உருளைக்கிழங்குப் பஞ்சத்துல பத்து லட்சம் பேர் செத்து இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறுனாங்கல்ல, அப்படி போனவங்களோட சேந்து அந்த பழக்கமும் போச்சு, அங்க பூசணி பெருசாவும் குடையறதுக்கு ஈசியாவும் இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா ஹாலோவீனுக்கு மூலம்னு நீங்க சொன்ன பழைய ஐரிஷ் விழாவோட பேர 'சம்ஹைன்'னு போட்டுருந்தீங்க பாருங்க, இங்க யார்கிட்ட சொன்னாலும் முழிப்பாங்க. 'சௌவின்'னு சொல்லணும். ஐரிஷ் மொழில நவம்பர் மாசத்துக்கே இன்னைக்கும் அதான் பேரு.

இப்ப அம்மா கேட்ட விஷயம். சௌவின மறைக்கத்தான் சர்ச் நவம்பர் 1ல சகல புனிதர் விழாவ கொண்டுவந்து வச்சதுன்னு அடிச்சு சொல்லிட்டீங்க. அப்படின்னா அந்த பழக்கம் அயர்லாந்துலதான தொடங்கிருக்கணும்? ஆனா இங்கத்த பழைய புனிதர் காலண்டர்கள்ல சகல புனிதர் விழா ஏப்ரல் 20னு இருக்கு! நவம்பர் தேதி வெளிய இருந்துதான் இங்க வந்துச்சு. அடுத்த நாள், அதாவது நம்ம கல்லறைத் திருநாள், அதுக்கு ஃபிரான்ஸ்ல க்ளூனி மடத்து தலைவர் ஓடிலோ கிட்டத்தட்ட கி.பி. 1000 வாக்குல வழி பண்ணுனாரு. கல்லறைக்கு வெள்ளையடிச்சு மெழுகுவத்தி ஏத்துறதுக்கும், செல்டிக்னு சொல்ற பழைய அயர்லாந்து ஜனங்களோட பேய்க்கும் முடிச்சு போடவே வேண்டாம்.

எனக்கு உண்மையான வருத்தம் வேற. செல்டிக் ஆன்மீகம்னு தலைப்பு போட்டு ஒரு முழு பக்கம் எழுதிட்டு, அந்த மண்ணுல இருந்து வெளிய போய் இன்னைக்கும் தூத்துக்குடி வரைக்கும் நடந்துட்டு இருக்குற ஒன்ன விட்டுட்டீங்களே. பாவசங்கீர்த்தனம், அதாவது செஞ்ச பாவத்த சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்பு கேக்குறது! ஆதி திருச்சபைல பெரிய பாவம் செஞ்சா ஊரறிய தவம் பண்ணணும், அதுவும் வாழ்க்கைல ஒரே ஒரு தடவதான், அதனால ஜனங்க சாகுற வரைக்கும் தள்ளிப்போட்டுட்டே இருந்தாங்க. அயர்லாந்து மடங்கள்லதான் தனியா ஒரு ஆள்கிட்ட, ரகசியமா, எத்தன தடவ வேணும்னாலும் சொல்லிக்கலாம்ங்கிற பழக்கம் வளந்துச்சு. அந்த ஆளுக்கு 'அனம்காரா'ன்னு பேரு, ஆத்மாவோட சிநேகிதன்னு அர்த்தம், அப்படி ஒருத்தர் இல்லாதவன் தலையில்லாத முண்டம்னு இங்க ஒரு பழமொழியே உண்டு. எந்த பாவத்துக்கு எத்தன நாள் தவம்னு பட்டியல் போட்டு புத்தகமும் எழுதி வச்சிருந்தாங்க, கொலும்பானுஸ்ங்கிற ஐரிஷ் துறவி எழுதுனதுல வாந்தி எடுக்குற அளவுக்கு குடிச்சவனுக்கு ஒரு வாரம் வெறும் ரொட்டியும் தண்ணியும். அப்புறம் 1215ல ரோம்ல கூடுன திருச்சபைச் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாரும் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு சட்டமே போட்டுருச்சு. சின்ன வயசுல பாவசங்கீர்த்தனம் முடிஞ்சதும் ஃபாதர் பரிகாரமா மூணு தடவ அருள் நிறைஞ்ச மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்புவார்ல, அந்த கணக்குக்கு மூலம் இங்க இருக்கு.

இத வெளிய கொண்டுபோனது அந்த கொலும்பானுஸ் மாதிரி ஆளுங்கதான். சொந்த ஊர விட்டு திரும்பி வராம போறதே ஒரு தவம்னு நெனச்சவங்க. அவரு ஃபிரான்ஸ்ல லுக்ஸோய்ல மடம் கட்டி, ராஜாவோட சண்டை போட்டு, 610ல தொரத்தப்பட்டு, கடைசில இத்தாலில பொப்பியோல இன்னொரு மடம் கட்டி 615ல செத்துப்போனாரு. கூடவே போன கால்ங்கிறவருக்கு நடுவழில காய்ச்சல், அங்கயே தங்கிட்டாரு, அவர் தங்குன இடம்தான் இன்னைக்கு ஸ்விட்சர்லாந்துல சாங்க்ட் காலன் நகரம். அந்த மடத்து லைப்ரரில ஐரிஷ் துறவிங்க 850 வாக்குல எழுதுன லத்தீன் இலக்கண புத்தகம் ஒன்னு இருக்கு, ஓரத்துல எல்லாம் குறிப்பு. ஒருத்தர் இன்னைக்கு ராத்திரி காத்து பேய்க்காத்தா அடிக்குது, நல்லவேளை கடல்கொள்ளைக்கார வைக்கிங்குங்க கப்பல்ல வரமாட்டானுங்கன்னு நாலு வரி எழுதிருக்காரு. இன்னொரு ஓரத்துல ஓகம்ங்கிற பழைய ஐரிஷ் எழுத்துல ஒரே ஒரு வார்த்த, அதுக்கு அர்த்தம் குடிச்ச மப்பு தெளியலங்கிற மாதிரியாம். (ஒரு வாரம் ரொட்டியும் தண்ணியும்தான் கெடச்சிருக்கும் அவருக்கு.)

இன்னொன்னு, லத்தீன்ல வார்த்தைக்கு வார்த்த இடைவெளி விட்டு எழுதுற பழக்கத்த ஐரோப்பாவுக்கு பரப்புனதும் இவங்கதான், லத்தீன் தாய்மொழி இல்ல பாருங்க, ஒட்டி எழுதுனா படிக்க கஷ்டமா இருந்துருக்கு.

எங்க கில்டேர் பிரிஜிட் அம்மா பத்தி ஒரு வரியாவது வந்துருக்கலாம். அவங்க கிறிஸ்தவத்துக்கு முந்தின தேவியா இருந்து புனிதையா மாறுனாங்களா, நெசமாவே வாழ்ந்த கன்னியாஸ்திரியான்னு படிச்சவங்க இன்னும் அடிச்சுக்குறாங்க, என் வார்டு பாட்டிங்களுக்கு அதப்பத்தி கவலையே இல்ல. பிப்ரவரி 1 வந்தா கோரைப்புல்லுல சிலுவை பின்னுவாங்க, கிணத்தடி மரத்துல துணி முடிஞ்சுட்டு வேண்டிக்குவாங்க, 2023ல இருந்து அவங்க பேர்ல அரசாங்க லீவும் விடுறாங்க. ஒரு பாட்டி பின்னிக் குடுத்த சிலுவைய அம்மாவுக்கு அனுப்பினேன், பனிமய மாதா படத்துக்கு பக்கத்துல மாட்டிருக்காங்க.

நவம்பர் 2க்கு முன்னாடி ஒரு சின்ன திருத்தம் போட்டீங்கன்னா புண்ணியமா போகும், அம்மா அந்த பேப்பர தெரு முழுக்க காட்டிட்டு இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கில்டேர், அயர்லாந்து